தொய்யாத தட்டு

புஸ்தகம் வாங்குவது எளிது. அதற்கு ஓர் இருப்பிடம் அமைத்துக் கொடுப்பதுதான் கடினம். இருபது வருஷங்களாக உபாத்தியாயத் தொழில் செய்து வரும் நமது இல்லத்தில், நூல்கள் அட்டைப் பெட்டிகளிலும் கட்டிலின் அடியிலும் வாசம் செய்து வந்தன. தேக்கு அலமாரியின் விலையோ நமது சம்பளத்துக்கு எட்டாதது. ஆகவே எம்.டி.எப். பலகையைக் கொண்டு நாமே ஓர் அலமாரி செய்வதென்று நிச்சயித்தோம்.

மரத்தை நாராக்கி, பிசின் கலந்து, உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்த பலகை இது. 1960-களில் அமெரிக்காவில் வியாபார முறையில் தயாராகத் தொடங்கியது. இதில் கணு இல்லை, கோணலும் இல்லை. 8 அடி நீளம், 4 அடி அகலம், 18 மில்லிமீட்டர் கனமுள்ள முழுப் பலகை சுமார் 40 கிலோ நிறை இருக்கும். அவ்வளவு நிறை இருந்தும் விறைப்பு மட்டும் போதாது. நல்ல மரத்தின் விறைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஓயாமல் சுமை ஏற்றினால் நாளடைவில் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும்.

இங்கே கணித சாஸ்திரம் நமக்குத் துணை செய்கிறது. தட்டு முழுவதும் புஸ்தகம் அடுக்கும்போது, தட்டின் நீளத்தை இரட்டித்தால் தொய்வு இரண்டு மடங்காவதில்லை, பதினாறு மடங்காகிறது! பலகையின் கனத்தை இரட்டித்தாலோ தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. எனவே 4 அடி அகல அலமாரியின் நடுவே ஒரு செங்குத்துப் பலகை நிறுத்தி, ஒவ்வொரு தட்டையும் 2 அடிக்குள் அடக்கினோம். தட்டின் முன் விளிம்பில் ஒன்றரை அங்குல உயரமுள்ள மர ரீப்பரை நெட்டாக நிறுத்திப் பசையிட்டு ஒட்டினோம். பின்புறத்திலும் பக்கங்களிலும் தட்டைத் தாங்க ரீப்பர்கள் அடித்தோம். மெல்லிய சட்டமாயினும், படுத்திருப்பதைவிட நிமிர்ந்து நிற்கையில் அது தாங்கும் சக்தியே வேறு.

இந்தப் பலகையின் விளிம்பில் நேராகத் திருகாணி முடுக்கினால் பிளந்துவிடும். முதலில் சிறு துளை இட வேண்டும். ஈரம் இதற்குப் பரம வைரி. வெட்டிய விளிம்பு தண்ணீரைக் குடித்து உப்பினால், காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆதலால் விளிம்புகளுக்கு இரண்டு முறை பிரைமர் பூசி, அலமாரியைத் தரையிலிருந்து உயர்த்திக் கால்கள்மீது நிறுத்தினோம்.

அறுக்கும்போது பறக்கும் தூள் மிக நுண்ணியது. பிசினிலுள்ள பார்மால்டிஹைடு புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-ல் வகைப்படுத்தியிருக்கிறது. ஆகையால் அந்த வாயு குறைவாக வெளிப்படும் ஈ-1 தரப் பலகையையே வாங்கினோம். முகத்துக்குத் தகுந்த கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்து அறுத்தோம்.

கனத்த அகராதிகள் அடித் தட்டில் அமர்ந்தன. ஆயினும் ஒரு வேலை பாக்கியிருந்தது. அலமாரியைக் கண்டால் குழந்தைகளுக்கு ஏணி ஞாபகம் வருவது இயற்கை. நமது தெருவில் கதைப் புஸ்தகம் கேட்டு வரும் வாண்டுகளோ ஏழெட்டுப் பேர். உச்சித் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவர்களில் ஒருவர் நிச்சயம் ஏறத்தான் செய்வார். அந்த ஆசையைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. அலமாரியின் தலைப்பகுதியை இரண்டு இரும்புக் கோணங்களால் சுவருடன் பிணைத்துவிட்டோம்.