பதின்மூன்று கிலோபைட்டில் ஒரு பால்மரக் காடு

கணினியில் ‘அம்மா’ என்று எழுதினால் 15 பைட் இடம் பிடிக்கும். அதையே மலாயில், ரோமன் எழுத்தில் ‘இபு’ என்று எழுதினால் 3 பைட் போதும். தமிழ்ப்பள்ளியிலும் சரி, பிறகு போன தேசிய இடைநிலைப்பள்ளியிலும் சரி, இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 2025 செப்டம்பரில், ஹுத்தான் மெலிந்தாங் வீட்டுச் சமையலறை மேசையில்தான் கற்றுக்கொண்டேன்.

ஜேஎஸ்13கே என்பது 2012 முதல் ஆண்டுதோறும் நடக்கும் விளையாட்டு உருவாக்கும் போட்டி. ஆகஸ்டு 13-இல் தலைப்பைத் தருவார்கள்; செப்டம்பர் 13-இல் முடித்துவிட வேண்டும். நிரல், படம், ஒலி எல்லாம் சுருக்கிய ஒரே கோப்பில் 13 கிலோபைட்டுக்குள், அதாவது 13,312 பைட்டுக்குள், அடங்க வேண்டும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே இதைவிட நூறு மடங்குக்கும் மேல் இருக்கும்!

2025-இன் தலைப்பு ‘கறுப்புப் பூனை’. எனக்கு உடனே பாட்டியின் நினைவு வந்தது. இன்று செம்பனை நிற்கும் நிலத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். என் விளையாட்டில் ஒரு பெண் விடியுமுன் உளியோடு நிரையில் இறங்குவாள். மரத்தைச் சீவி மங்கை வைப்பாள். வெயில் ஏறினால் பால் குறையும். மழை வந்தால் எல்லாம் போச்சு. பூனை குறுக்கே போனால் சகுனம் சரியில்லை, நின்றுதான் போக வேண்டும்.

12-ஆம் தேதி இரவு கோப்பைச் சுருக்கிப் பார்த்தேன். 13,640 பைட்! எதை வெட்டுவது? நடுவர்களுக்கு ஆங்கிலம் போதுமே என்று தமிழ் வரிகள் அனைத்தையும் அழித்தேன். 13,180 ஆனது. டொரோண்டோவில் உருவாகி, 2024-இல் பாஃப்டா விருது பெற்ற ‘வெண்பா’ விளையாட்டைத் திரையில் கண்டு, ‘நம் தமிழ்!’ என்று பூரித்தவனும் நானேதான்.

மறுநாள் காலை பாட்டியிடம் கைப்பேசியைக் கொடுத்தேன்.

“என்னய்யா எழுதியிருக்கு?” என்றார். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் மட்டுமே தெரியும். வரிவரியாக நான் படித்துச் சொன்னேன். பூனை வந்தது. பாட்டி நிற்கவில்லை. ஆட்டம் முடிந்தது.

“நிக்கணும் பாட்டி, பூனை குறுக்க போச்சே!”

“பூனைக்கெல்லாம் நின்னா சம்பளம் யாரு கொடுப்பா? பிரட்டுல பேரு கொடுத்தாச்சுன்னா மரத்துக்குப் போயாகணும். இருட்டுல பூனையைக் கண்டா எங்களுக்குத் தைரியம்தான், தம்பி. லயம் பக்கத்துல இருக்குன்னு அர்த்தம்.”

பாட்டியின் வாழ்க்கையை அவரிடமே கேட்காமல் எழுதியிருக்கிறேன்! சகுனத்தை முழுவதுமாக நீக்கினேன். பூனை இப்போது வழித்துணை. நிறுத்தம், கடிகாரம், பயமுறுத்தும் இசை எல்லாம் போனதில் 500 பைட் மிச்சமானது. தமிழைத் திரும்பச் சேர்த்தேன். 1,200 பைட் இருந்த தமிழ் வரிகள், சுருக்கிய பின் 460-தான். தமிழ் எழுத்து ஒவ்வொன்றின் மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் ஒன்றே. அதனால் நன்றாகச் சுருங்குகிறது. இடத்தை அடைத்திருந்தது தமிழ் அல்ல, என் கற்பனைச் சகுனம்.

நம் நேரப்படி மாலை 7 மணிக்குக் கெடு. இணையம் இழுத்தடித்தது. தங்கையின் கைப்பேசி இணைப்பில் 6.40-க்கு அனுப்பினேன்: 13,140 பைட்.

பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அன்றிரவு பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியை எழுத்துக்கூட்டி வாசித்தார்: “வி-டி-யு-முன் எ-ழு.” பிறகு என்னைப் பார்த்து, “நாலு மணிக்குன்னு போடுய்யா” என்றார்.

நண்பர்களே, அதற்கும் இடம் இருக்கிறது. இன்னும் 172 பைட்!