எல்லையைத் தொடுவதும் எல்லையை நகர்த்துவதும்

ஆங்கிலத்தில் பரவலாக வழங்கும் ‘புஷ் தி என்வலப்’ என்னும் தொடரில் வரும் என்வலப், கடித உறை அன்று. ஒரு விமானம் எந்த வேகத்தில், எந்த உயரத்தில், எவ்வளவு சுமைவிசையைத் தாங்கிப் பாதுகாப்பாகப் பறக்கும் என்பதைக் காட்டும் வரைபடத்தின் எல்லைக்கோடே விமானவியலில் அப்பெயர் பெறுகிறது. அக்கோட்டிற்கு அப்பால் ஒருபுறம் வேகம் குறைந்து இறக்கைகள் போதிய தூக்குவிசையை இழக்கும் நிலையும், மறுபுறம் மிகுவேகத்தால் கட்டமைப்பே சிதையும் அபாயமும் இருக்க, சோதனை விமானிகள் உயிரைப் பணயம் வைத்து அதனைச் சிறிது சிறிதாக வெளியே நகர்த்தினர். எழுத்தாளர் டாம் உல்ஃப் 1979இல் வெளியிட்ட ‘தி ரைட் ஸ்டஃப்’ என்னும் நூல் அவர்களுடைய இச்சொல்லாட்சியைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. ஆகவே, இருக்கும் எல்லையைத் தொட்டு நிற்பதை, அது எத்துணைக் கடும் உழைப்பின் பயனாயினும், இத்தொடரால் குறிப்பது பிழை. எல்லையே விரியும் இடத்தில்தான் இது பொருந்தும்.