இரண்டு ஊசிகள், ஆறு பேர்

கிடர்பூரில் நான் குடியிருக்கும் மாடியறையிலிருந்து கப்பல்துறையின் பாரந்தூக்கிகள் தெரியும். கீழே வீட்டுக்காரர் குடும்பம்: சாச்சா, சாச்சி, அவர்களுடைய மகன், மருமகள், முதல் வகுப்பில் படிக்கும் பேரன். என்னையும் சேர்த்து ஆறு பேர். ஒரே படிக்கட்டு, ஒரே குழாய், பெரும்பாலான இரவுகளில் ஒரே அடுப்பின் சோறு.

சென்ற ஆண்டு ஆடி மாதம், கல்லூரித் தெருவில் பழைய நூல் தேடிவிட்டு நெரிசல் மிக்க பேருந்தில் நனைந்து திரும்பிய நான் காய்ச்சலில் விழுந்தேன். நான்காம் நாள் எழுந்துவிட்டேன். பத்தாம் நாள் சாச்சா மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் கிடந்தார். நுரையீரல் அழற்சி என்றனர். எழுபத்தொரு வயது, நீரிழிவு வேறு. பதினொரு நாள் கழித்து, தோளெலும்பு துருத்த வீடு திரும்பினார். ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. "நீயாவது விரைவில் தேறினாயே மகளே" என்றார் சாச்சி. அச்சொல் இன்னும் என் தொண்டையிலேயே நிற்கிறது.

அவருடைய நோய் என்னிடமிருந்துதான் வந்தது என்பதற்குச் சான்றில்லை. இருவருக்கும் எந்தக் கிருமி என்று எவரும் சோதிக்கவில்லை. சான்றில்லாமல் முடிவு கட்டக் கூடாதென்று மற்றவர்க்குச் சொல்லும் தொழிலில் இருப்பவள்தான் நான். ஆயினும் படிக்கட்டில் அவர் இருமும் ஒலி கேட்கும்போதெல்லாம் அந்தப் பேருந்து நினைவுக்கு வரும்.

ஆகவே இவ்வாண்டு மழைக்கு முன்பே ஃப்ளூ தடுப்பூசி வாங்கிவிடுவதென்று உறுதி கொண்டேன். உதவித்தொகை மூன்று மாதங்களாக வரவில்லை. ஓர் ஊசி ஏறத்தாழ 1,800 ரூபாய். கையிலிருந்த பணத்திற்கு இரண்டுதான். சாச்சாவின் மகன் ஃபேன்சி மார்க்கெட்டில் ஒரு கடையில் வேலை பார்ப்பவர். தந்தையின் மருத்துவக் கடனையே இன்னும் அடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி, நான் பாபி என்றழைப்பவர், அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

ஆறு பேரில் எந்த இருவர்?

நடுவண் சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலைத் திறந்தேன். மருத்துவப் பணியாளர், கருவுற்ற பெண்கள், நாட்பட்ட நோயுடையோர் ஆகியோர்க்குப் பரிந்துரை. 65 வயது கடந்தோர்க்கும் சிறு குழந்தைகளுக்கும் போடுவது விரும்பத்தக்கது. உலக சுகாதார நிறுவனம் 2012இல் கருவுற்ற பெண்களை முதன்மையாக வைத்து, மற்றப் பிரிவினரை வரிசை எண் இன்றிக் குறிப்பிட்டது. ஆனால் நம் நாட்டின் தேசிய இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. எனவே பட்டியலை அரசு தருகிறது. அதிலிருந்து ஆளைத் தெரிவு செய்யும் வேலையைப் பணப்பை செய்கிறது.

என் ஆய்வுப்பொருளான துறைமுகச் சுகாதார வரலாறு கைகொடுக்கும் என்று நினைத்தேன். அது குழப்பத்தையே கூட்டியது. 1918 ஜூனில் பம்பாயில் முதலில் நோயுற்றோருள் துறைமுகக் காவலர்கள் இருந்தனர். அவ்வாண்டு இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 20 முதல் 40 வயதினர் மிகுதி. 2009ஆம் ஆண்டின் பன்றிக்காய்ச்சலிலும் இளையோரும் கருவுற்ற பெண்களும் கடுமையாகத் தாக்குண்டனர். ஆண்டுதோறும் வரும் வழக்கமான ஃப்ளூவோ முதியோரையும் பச்சிளங் குழந்தைகளையும் குறிவைக்கிறது. 'யார் சாகக்கூடும்' என்னும் கேள்விக்கே கிருமிக்குக் கிருமி விடை வேறு.

பாபியைப் பற்றிய முடிவுக்கு உதவியது டாக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு. 340 கர்ப்பிணிகளிடம் 2004-05இல் நடந்த அந்த ஆய்வு, உண்மையில் நிமோனியாவைத் தடுக்கும் வேறோர் ஊசியைச் சோதிப்பதற்காகத் தொடங்கப்பட்டது. ஒப்பீட்டுக்காக மற்றப் பாதியினர்க்கு ஃப்ளூ ஊசி போட்டனர். பிறந்த குழந்தைகளை ஆறு மாதம் வரை கவனித்தபோது, ஃப்ளூ ஊசி பெற்ற தாய்மாரின் குழந்தைகளுள் 6 பேருக்கும் மற்றவர்களின் குழந்தைகளுள் 16 பேருக்கும் ஃப்ளூ உறுதியாயிற்று. ஒப்பீட்டுக்கு வந்த ஊசி கதையின் நாயகனாகிவிட்டது! ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி போட இயலாது. தாயின் வழியாக மட்டுமே அதனிடம் சேரும். ஓர் ஊசி, இரண்டு உயிர். எங்கள் வீட்டின் ஆறு பேர் கணக்கே தவறு என்பது அப்போதுதான் உறைத்தது.

பாபி அஞ்சினார். கர்ப்பிணிக்குத் தேவையற்ற மருந்து ஏன் என்று அண்டை வீட்டார் கேட்டனராம். நான் வாதிடவில்லை. அவருக்குப் பேறுகாலப் பரிசோதனை செய்யும் மருத்துவரிடம் உடன் சென்றேன். மூக்கில் தெளிக்கும் உயிருள்ள கிருமி மருந்துதான் கர்ப்பிணிக்கு ஆகாது, கொல்லப்பட்ட கிருமியாலான ஊசி ஆகும் என்று அவர் வங்காளத்தில் சொன்ன இரண்டு வரியில் அச்சம் கலைந்தது. நான் சொல்லியிருந்தால் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

இரண்டாவது ஊசியில்தான் வழக்கு மூண்டது. சாச்சா மறுத்தார். "நான் வீட்டைவிட்டு எங்கே போகிறேன்? பேருந்தில் போகிறவள் நீ. கிருமி உன்மேல் ஏறித்தானே என்னிடம் வரவேண்டும்? நீயே போட்டுக்கொள்." கப்பல்களில் சரக்கு இறக்கிய மனிதர், எது எந்த வழியாக உள்ளே வரும் என்பது அவருக்குத் தெரியும்.

அவருடைய வாதத்தை ஒரு நாடே செய்து பார்த்திருக்கிறது. ஜப்பான் 1962இல் பள்ளிக் குழந்தைகளுக்கு ஃப்ளூ ஊசி போடத் தொடங்கி, 1977இல் அதைக் கட்டாயமாக்கியது. 1987இல் பெற்றோர் மறுக்கலாம் என்றானது. 1994இல் திட்டமே நின்றது. குழந்தைகளுக்கு ஊசி போட்ட ஆண்டுகளில் முதியோர் சாவு குறைந்திருந்ததென்றும் நிறுத்திய பின் கூடியதென்றும் 2001இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அக்கணக்கை ஐயுற்றோரும் உண்டு. ஆனால் நோய் தாங்குபவனைக் காக்க, நோய் சுமப்பவனுக்கு ஊசி போடுவது என்னும் எண்ணம் வீணானதன்று. அதுவும் முதிய உடலில் இந்த ஊசி இளைய உடலில் போல வேலை செய்யாது என்னும்போது.

இரண்டு இரவுகள் இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். சாச்சா சொன்னது சரியென்றே பட்டது. எனக்கு வசதியாகவும் இருந்தது. ஆகவே அதை மறுபடி நோக்கினேன். ஜப்பானில் மூடப்பட்டது பள்ளிகளின் வாயில் முழுவதும். எங்கள் வீட்டில் மூடுவதோ ஐந்து வழிகளுள் ஒன்றை. பேரன் பள்ளிக்குப் போகிறான், மகன் ஃபேன்சி மார்க்கெட்டின் கூட்டத்தில் நிற்கிறார், சாச்சி சந்தைக்குப் போகிறார். என்னை அடைத்தால் கிருமி அவர்கள் வழியாக வரும். அரைகுறையானாலும் அவர் உடம்பிலேயே ஒரு காவல் இருப்பது மேல். அத்துடன், என் குற்றவுணர்வைத் தணிக்க நானே ஊசி போட்டுக்கொள்வது ஒருவகைத் தன்னலமாகவும் தோன்றியது. இதைச் சாச்சாவிடம் சொல்லவில்லை. "மறுபடியும் பதினொரு நாள் மருத்துவமனை என்றால் பணம் யார் கட்டுவது?" என்று மட்டும் கேட்டேன். சட்டைக் கையை மடித்தார்.

வைகாசி இறுதியில் இருவருக்கும் ஊசி போடப்பட்டது. உடல் காவல் கொள்ள இரண்டு வாரம் ஆகும். மழை அதற்குப் பின்னரே வந்தது. ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. இடையில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். கதவைச் சாத்திக்கொண்டு மாடியிலேயே இருந்தேன். பேரன் தட்டைக் கடைசிப் படியில் வைத்துவிட்டுக் கீழிறங்கி ஓடுவான். அம்முறை கீழே எவரும் படுக்கவில்லை. ஊசியாலா, சாத்திய கதவாலா, என்னுடையது ஃப்ளூவே அன்றோ, சொல்வதற்கில்லை.

இப்போது அம்மாவின் முறை. அவர் குடியாத்தத்தில் இருக்கிறார், ஆஸ்துமா உண்டு. 2009 முதல் 2013 வரை பத்து நகரங்களில் நடந்த கண்காணிப்பில், கொல்கத்தாவில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடும், சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரிலும் உச்சம் கண்டது. ஒரே நாடு, ஒரே கிருமி, இரண்டு மழை. எனவே சாச்சாவுக்கு வைகாசியில் போட்டதை அம்மாவுக்குப் புரட்டாசியில் போடவேண்டும். பணத்திற்கு ஏற்பாடு செய்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை.

"அதை முட்டையில் வளர்க்கிறார்களாமே?" என்றார்.

ஆமாம், பெரும்பாலும் கோழி முட்டையில்தான் என்றேன். சைவக்காரரான அம்மா, அப்பாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.