சாத்தான்குளத்துக்கு ஒரு கார்ப் பிரயாணம்

சாத்தான்குளம் என்ற பெயரைக் கேட்டு மிரண்டுவிடாதீர்கள், நேயர்களே! சாத்தன் என்பது பழந்தமிழர் ஆசையோடு வைத்துக்கொண்ட பெயர். மணிமேகலை பாடியவரே சீத்தலைச் சாத்தனார்தானே? பனை மரமும், செக்கச் சிவந்த தேரி மணலும், கருப்பட்டி மணமும் சூழ்ந்த சாதுவான ஊர் அது. என் அம்மா பிறந்த ஊர் என்பதால் கொஞ்சம் பட்சபாதத்தோடு சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தசராச் சமயத்தில் அம்மாவை அங்கே அழைத்துப் போகும்படி நேர்ந்தது. தூத்துக்குடியிலிருந்து தம்பியின் புதுக் காரில் புறப்பட்டோம். "அண்ணாச்சி, இந்த வண்டி முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானே ஓடும், தானே நிற்கும்" என்றான் அவன். அதற்குப் பெயர் அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோலாம்.

இதன் பூர்வோத்தரம் வேடிக்கையானது. வேகத்தை ஒரே சீராக வைத்திருக்கும் கருவியைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கர், சிறு வயதிலேயே கண் பார்வை இழந்தவர். நண்பர் ஒருவர் பேசிக்கொண்டே குலுக்கிக் குலுக்கிக் கார் ஓட்டியது பொறுக்காமல்தான் இந்த யோசனை பிறந்தது என்பார்கள். 1958-இல் கிரைஸ்லர் கார்களில் அது வந்தது. அந்தக் கருவிக்குப் பிற்பாடு கண்ணும் கிடைத்தது. காரின் முகப்பில் இருக்கும் ரேடார், ரேடியோ அலையை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு முன் வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் கணக்கிடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காமிராவும் பார்த்துக்கொண்டிருக்கும்.

உப்பளங்களைக் கடந்து போகும் வரையில் சுகமோ சுகம்! மணிக்கு 60 கிலோமீட்டர் என்று தம்பி வைத்துவிட்டான். முன்னால் பஸ் மெதுவாகப் போனால் நாங்களும் மெதுவானோம். அது விலகினால் மறுபடி 60.

திருச்செந்தூரைத் தாண்டி உடன்குடிச் சாலையில் திரும்பினோமோ இல்லையோ, பிடித்தது நெரிசல். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா என்றால் சும்மாவா? காளி, ராஜா, குறவன், குரங்கு, போலீஸ்காரர் என்று எத்தனை வேஷங்கள்! ஒவ்வொரு ஊரிலிருந்தும் மேளதாளத்தோடு வேன்கள். வண்டிகள் பத்தடி நகர்வதும் நிற்பதுமாக ஊர்ந்தன.

இங்கேதான் கருவியின் குணம் தெரிந்தது. முன் வேன் நின்றால் எங்கள் காரும் பூப்போல நின்றது. இரண்டு மூன்று விநாடிக்குள் வேன் புறப்பட்டால் தானே தொடர்ந்தது. அதற்கு மேலானால் தூங்கிவிட்டது. தம்பி பெடலைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது. எவ்வளவு நெருக்கமாக வைத்தாலும் முன்னே கொஞ்சம் இடம் விட்டுத்தான் நிற்கும். நம் ஊரில் இடம் விட்டால் என்ன ஆகும்? ஒரு மோட்டார் சைக்கிள் புகுந்தது. கார் பின்வாங்கினாற்போல் பிரேக் போட்டு மறுபடி இடம் விட்டது. அதில் ஓர் ஆட்டோ! "என்னலே, ஊருக்கெல்லாம் வழி விட்டுக்கிட்டே இருக்கு? நாம எப்பம் போய்ச் சேர?" என்றாள் அம்மா.

இப்படிப் பிரேக் போடுவதில் பின்னால் வருகிறவர்களுக்கும் சங்கடம் உண்டு. 2008-இல் வெளியான ஜப்பானிய ஆராய்ச்சியில், வட்டப் பாதையில் 22 கார்களை ஓட்டச் செய்தார்கள். தடை எதுவும் இல்லாமலே நெரிசல் உண்டாயிற்று! ஒருவர் சற்றே வேகம் குறைத்தால் அடுத்தவர் இன்னும் அதிகமாகக் குறைக்கிறார். அது அலைபோல் பின்னே பரவுகிறது. விற்பனைக்கு வந்த சில குரூஸ் கருவிகளைப் பின்னர் அமெரிக்காவில் சோதித்தபோது, அவையும் அந்த அலையைத் தணிக்காமல் பெரிதாக்கின என்று தெரிந்தது.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அப்புறம்தான் மூச்சு நின்றது. முன்னால் போன வேன் சட்டென்று இடது பக்கத் தெருவில் திரும்பிற்று. எதிரே பாதை காலி என்று கார் நினைத்துவிட்டது போலும்! முன்பு வைத்த 60 அதன் ஞாபகத்தில் அப்படியே இருந்ததே! ஒரே பாய்ச்சலாக வேகம் எடுத்தது. வேன் மறைத்திருந்த இடத்தில், ராஜா வேஷம் போட்ட சிறுவன் ஒருவன் கீழே விழுந்த அட்டைக் கிரீடத்தைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, பிரேக்கைப் போடு!" என்று அம்மா அலறினாள். தம்பி ஓங்கி மிதித்தான். பையனுக்கும் காருக்கும் இடையே ஒரு முழம். கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவன் ஓடினான்.

பாலம், பலகை, கைகாட்டி என்று அசையாத பொருளுக்கெல்லாம் பிரேக் போட்டால் கார் ஓடவே முடியாது. ஆகவே பல ரேடார்கள் நின்றிருப்பவற்றை அவ்வளவாக லட்சியம் செய்வதில்லை. மனிதரை அடையாளம் காண்பது காமிராவின் வேலை. குனிந்திருந்த குட்டி ராஜாவை அது எப்போது கண்டுகொண்டிருக்குமோ, காத்திருந்து பார்க்க எங்களுக்குத் தைரியமில்லை.

வெகு நேரம் பேசாமலிருந்த அம்மா சொன்னாள்: "முத்துக் குளிக்கிறவன் தண்ணிக்குள்ள இருக்கும்போது, மேலே கயிறு பிடிக்கிறவன் கண்ணசரலாமாலே? அதனாலதான் சொந்த மச்சானைப் பிடிக்கச் சொல்லுவாங்க."

தம்பி பொத்தானை அணைத்தான். மீதித் தூரம் முழுவதும் அவன் கால் பிரேக்கைவிட்டு விலகவே இல்லை.

நீங்களும் இந்தக் கருவியுள்ள கார் வாங்கலாம், நேயர்களே. திறந்த சாலையில் அது நல்ல துணை. கூட்டமுள்ள ஊருக்குள் நுழையுமுன் அணைத்துவிடுங்கள். பாத யாத்திரைக்காரர்களும் ஆட்டு மந்தையும் வரும் பாதையில் அதை நம்பிக் காலை நீட்டிவிடாதீர்கள்.

சாத்தான்குளம் வந்தால் பக்கத்து முதலூருக்கும் போய், தேங்காய்ப் பாலில் கிண்டிய மஸ்கோத் அல்வா வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம். நாங்கள் இரண்டு கிலோ வாங்கினோம். ஒரு பொட்டலத்தை அம்மா தனியாக எடுத்து வைத்தாள். "திரும்பிப் போகையில் அந்தப் பையன் கண்ணில் படுகிறானா பார்ப்போம்" என்றாள்.