கோடையில் காய்ச்சும் தார்

பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் நாட்களில் திருவரங்கத்திற்கு வடக்கே கொள்ளிடப் பாலத்தைக் கடப்போர், கீழே நீரைக் காண்பது அரிது. கண்ணுக்கெட்டிய மட்டும் மணலே விரிந்து கிடக்கும். நடுவே ஒரு வாய்க்கால் அளவிற்கு நீர் நெளிந்தோடினால் அதுவே பெரிது. சென்ற கோடையில் அவ்வழியே சென்ற நாம், கரையோர வேப்பமர நிழலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த பரிசல் ஒன்றைக் கண்டு வண்டியை நிறுத்தினோம். அருகே இளைஞர் ஒருவர் தகர டப்பாவில் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்த வாசனை நம்மை நாற்பது ஆண்டுகளுக்கு அப்பால் இழுத்துச் சென்றது.

நம் தந்தையார் கொள்ளிடக் கரையில் பரிசல் ஓட்டிப் பிழைத்தவர். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, தெற்கே காவிரியாகவும் வடக்கே கொள்ளிடமாகவும் ஓடி, இடையில் திருவரங்கத் தீவை அணைத்துக்கொள்கிறது என்பதை வாசகர் அறிவர். பாசனத்திற்குரிய நீர் காவிரியில் செல்லும். மிஞ்சிய வெள்ளமே கொள்ளிடத்திற்கு வரும். ஆதலால் ஆண்டின் பெரும்பகுதி எங்கள் பரிசலுக்கு வேலை இராது. மக்கள் மணலில் நடந்தே அக்கரை சேருவர். ஆனால், வேலையில்லாத அந்த மாதங்களில்தான் பரிசலுக்கு முழு வேலையும் நடந்தது.

பரிசல் என்பது வேறொன்றுமில்லை. மூங்கிலைப் பிளந்து முடைந்த பெரிய கூடை. பாட்டனார் காலத்தில் அதன்மேல் தோலைப் போர்த்தினார்கள். பிற்காலத்தில் சாக்கும் பிளாஸ்டிக் தாளும் வந்தன. கோடையில் தந்தையார் முதலில் அதனை மூன்று கற்களின்மேல் தூக்கிக் கவிழ்த்து வைப்பார். மண்ணில் கிடந்தால் கறையான் ஏறும்; வெயிலில் கிடந்தால் தார் இளகி வழியும். பின்னர் மூங்கிலை விரலால் தட்டிக்கொண்டே வருவார். மாவு போன்ற தூள் உதிர்ந்தால் வண்டு துளைத்து உளுத்துவிட்டது என்று பொருள். அந்தப் பிளாச்சை உருவிவிட்டுப் புதியதைச் செருகுவார். வெடித்த பழைய தாரைச் சுரண்டி, கிழிசலுக்குச் சாக்குத் துண்டு வைத்துத் தைத்து, அதன்மேல் சுடச்சுடத் தார் பூசுவார். ஒரு பூச்சு நன்கு காய்ந்த பின்னரே மறு பூச்சு.

இவ்வழக்கம் எங்கும் உள்ளதே. நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனம் பெருகும்பொருட்டு, விசைப்படகுகள் 61 நாட்கள் தொழிலுக்குச் செல்வதில்லை. அந்நாட்களில் அவற்றைக் கரையேற்றி, அடிப்புறத்தில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி, வண்ணம் பூசுகின்றனர். கப்பற் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பங்கு அன்பர் ஒருவர், குளிர் நாடுகளின் செய்தியையும் நமக்குச் சொன்னார். அங்கே பனிக்காலத்திற்கு முன்பே பாய்மரப் படகுகளைக் கரையேற்றி, இயந்திரத்திலும் குழாய்களிலும் தங்கிய நீரையெல்லாம் வடித்துவிடுவார்களாம். நீர் உறைந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருத்து, இரும்பையும் பிளந்துவிடும். நமக்குப் பகை வெயில். அவர்களுக்குப் பகை பனி.

இனி நம் குற்றத்தைச் சொல்ல வேண்டும். நமக்கு அப்போது பன்னிரண்டு வயது. அடிப்புறத்தில் இரு சாக்குகள் இணையும் தையலுக்கு இரண்டாம் பூச்சுப் பூசும் பொறுப்பைத் தந்தையார் நம்மிடம் விட்டிருந்தார். தோழர் விளையாட அழைத்தனர். ஒரு சாண் நீளத்தை அப்படியே விட்டு, அப்பக்கம் மரத்தை நோக்கியிருக்குமாறு பரிசலைத் திருப்பி வைத்தோம்.

"முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதுப்பா" என்றோம்.

ஆடியில் வெள்ளம் வந்தது. ஒருநாள் மாலை, பேறுகாலம் நெருங்கிய பெண் ஒருத்தியையும் அவள் தாயாரையும் திருச்சி மருத்துவமனைக்கு அனுப்ப, ஆற்றைக் கடக்க வேண்டியதாயிற்று. நாமும் உடன் இருந்தோம். நடு ஆற்றில் காலடியில் நீர் கசிந்தது. விட்ட அந்த ஒரு சாண் நமக்குத்தான் தெரியும். தந்தையார் தோள் துண்டை அவ்விடத்தில் திணித்துக் குதிகாலால் அழுத்திக்கொண்டு, துடுப்பை நிறுத்தாமல் வலித்தார். நாம் கொட்டாங்கச்சியால் நீரை இறைத்தோம். அப்பெண் ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் பரிசல் விளிம்பையும் பற்றியிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

கரை சேர்ந்தோம். அவர்களை வண்டியேற்றிய பின் தந்தையார் பரிசலைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார். அடிக்கவில்லை. "தண்ணி வந்தப்புறம் தார் காய்ச்ச முடியாதுடா" என்றார். அவ்வளவே.

பின்னாளில் குருமடத்தில் தொடக்க நூலைக் கற்றபோது, நோவா தம் பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசவேண்டும் என்ற கட்டளையைக் கண்டு திடுக்கிட்டோம். மழை ஒரு துளியும் விழுமுன் தரப்பட்ட கட்டளை அது! புறத்தே பூசுவதை ஊரார் காண்பர். உள்ளே பூசுவதை யார் காண்பார்?

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களை நம் மறைமாவட்டத்தார் மறந்திரார். பல ஆண்டுகள் வறண்டு கிடந்த கொள்ளிடத்தில் பெருவெள்ளம் புரண்டது. 1928இல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடப் பாலத்தின் ஒரு பகுதி வீழ்ந்தது. சில நாட்களுக்குள், 22ஆம் நாள் இரவு, முக்கொம்பில் 45 மதகுகளுள் 9 அடித்துச் செல்லப்பட்டன. முதுமையும் வெள்ளத்தின் வேகமும் எவ்வளவு காரணம் என்பதைப் பொறியாளர் அறிவர். நமக்குத் தெரிந்தது ஒன்றே: வறண்ட ஆறு, ஆறு அன்று என்று எண்ணுவது எளிது, ஆனால் நீர் தன் வழியை மறப்பதில்லை.

இல்லங்களிலும் இவ்வாறே அன்றோ? சண்டையும் நோயும் கடனும் இல்லாத நாட்களில், கணவன் மனைவியோடு அமர்ந்து பேசுவதற்கும், அண்ணன் தம்பி மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்வதற்கும் அவசரம் தோன்றுவதில்லை. ஒரு சாண்தானே என்று விட்டுவிடுகிறோம். வெள்ளம் அந்த ஒரு சாணைத்தான் தேடி வருகிறது.

வேப்பமரத்தடி இளைஞரிடம், தார் தோய்த்த கோலைச் சற்றுத் தருமாறு கேட்டோம். "அங்கியில ஒட்டிக்கும், சாமி" என்று தயங்கியவாறே கொடுத்தார். குனிந்து, அடிப்புறத்துத் தையலில் ஒரு சாண் நீளத்திற்குப் பூசினோம்; காயும்வரை காத்திருந்து, மறு பூச்சும் பூசிய பின்னரே வண்டியில் ஏறினோம்.