கேஸ் புக் பண்ணிட்டுப் போ

வெள்ளானூர்ல நேத்து ராத்திரி கரண்ட் கட்.
மொட்டை மாடில வேர்த்து ஊத்துது. நான் போன்ல படிச்சது அண்டார்டிகாவைப் பத்தி. கொழுப்புதான்.

நம்ம திருவாரூர் பக்கம் சன்னாநல்லூர்க்காரர், கர்னல் பா. கணேசன். 1980கள் கடைசில அண்டார்டிகால இருந்த நம்ம நாட்டு ஆராய்ச்சி நிலையம் தட்சிண கங்கோத்ரிக்குத் தலைவரா இருந்தவர். ஒரு குளிர்காலம் முழுக்க அங்கேயே!

குளிர்காலம்னா நம்ம மார்கழி இல்லீங்க.
ரெண்டு மாசம் சூரியன் தலையே காட்டாது. கடல் உறைஞ்சா கப்பல் வராது. பல்வலியோ, பக்கத்துக் கட்டில்காரரோட சண்டையோ, எல்லாம் அங்கேயேதான்.

அந்த நிலையத்தைக் கட்டினது பனித்தட்டு மேல. வருஷா வருஷம் பனி விழுந்து கட்டடமே உள்ள போயிடுச்சு!
அடுத்து வந்த மைத்ரிய உஷாரா பாறை மேல கட்டினாங்க. தண்ணிக்குப் பக்கத்துலயே ஏரி, பேரு பிரியதர்ஷினி.
2012ல பாரதி. சரக்குக் கண்டெய்னர்களை அடுக்கிக் கட்டினது. நம்ம அவுட்டர் ரிங் ரோட்டுல லாரில போகுமே, அந்த மாதிரி கண்டெய்னர்தான்.

2016ல இஸ்ரோவோட மங்களா மணி பாரதிக்குப் போனாங்க. ஐம்பதைத் தாண்டின வயசு. 23 பேர் குழுவுல ஒரே பெண். ஒரு வருஷத்துக்கு மேல இருந்துட்டு வந்தாங்க.

எனக்கு ஏசி 22க்குக் கீழ போனா மூக்கு ஒழுகும். 🙈

இருந்தாலும் வீட்ல கேட்டுப் பாத்தேன், "ஒரு வருஷம் அண்டார்டிகா போகட்டுமா?"
"கேஸ் புக் பண்ணிட்டுப் போ."
அவ்ளோதான். ஏன்னுகூடக் கேக்கல.

சரி, நீங்க சொல்லுங்க. வருஷம் பூரா அதே இருபது மூஞ்சிதான்னா, யார் யாரைக் கூட்டிட்டுப் போவீங்க?