ரெண்டும் ஒண்டுதானே?

பெயின்ட் கடைக் கார்டை மட்டும் நம்பி அறைக்குக் கலர் எடுக்க முடியாது. அதுவும் ரெண்டு கலரும் அக்கா தங்கச்சி மாதிரி இருந்தால் கஷ்டம்தான். எங்கட வெள்ளவத்தை ஃப்ளாட்டில் அம்மம்மாவின் அறைக்குக் கடைசியாக மிஞ்சினவை ரெண்டு: ஒன்று கிரீம், மற்றது இளம் பீச். அம்மா பார்த்திட்டு, "ரெண்டும் ஒண்டுதானே" எண்டா.

ஒண்டு இல்லை. வெள்ளைத் தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் தெரியும்: ஒன்று மஞ்சள் பக்கம் சாய்கிறது, மற்றது சிவப்புப் பக்கம். சுவர் முழுக்க அடித்தால் அந்தச் சாய்வு கூடும். எதிரெதிர்ச் சுவர்கள் தங்கட நிறத்தை ஒன்றில் ஒன்று தெறிக்கவிடும். காலி வீதிக்குப் பின்னால் நெருக்கிக் கட்டின ஃப்ளாட்டுகளில் யன்னலால் வருவது, பெரும்பாலும் அடுத்த கட்டடத்துச் சுவரில் பட்டுத் திரும்பின வெளிச்சம். இரவில் 3000 கெல்வின் வார்ம் பல்ப் ரெண்டையும் இன்னும் மஞ்சளாக்கும். 6500 கெல்வின் டேலைட் பல்ப் அந்தச் சூட்டைக் குறைத்துக் காட்டும்.

அதனால் ரெண்டு பிரிஸ்டல் போர்டில் ரெண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு சுவருக்குச் சுவர் மாற்றி ஒட்டிப் பார்த்தேன். காலையில், மத்தியானத்தில், இரவில். எனக்குப் பிடித்தது கிரீம்.

ஆனால் அங்கே இருக்கப் போறது நான் இல்லை. அம்மம்மாவுக்குக் கண்ணில் புரை. வயது போகப் போகக் கண்வில்லை மஞ்சளாகி நீல வெளிச்சத்தை மறிக்கும். வெளிர் நிறங்களைப் பிரித்தறிவது கஷ்டமாகும். ஓவியர் குளோட் மொனேக்கும் புரை இருந்தது. 1923இல் ஒப்பரேஷன் செய்த பிறகு, நிறங்கள் மாறித் தெரிகின்றன என்று அவர் குறைப்பட்டார்.

யாழ்ப்பாணத்து வீட்டை விட்டு வந்த பிறகு அம்மம்மா இருந்ததெல்லாம் வாடகை வீடுகளில், ஆரோ அடித்த கலருக்குள். அவவிட்ட ஒருத்தரும் கேட்டதில்லை. இந்த ஃப்ளாட்காரர் பெயின்ட் மாற்றச் சம்மதித்ததால் நான் கேட்டேன். அவ கலரைப் பற்றி ஒன்றும் சொல்லேல்லை. போர்டுகளைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பிடிக்கச் சொன்னா. கிரீமில் வெள்ளைச் சுவிட்ச் கரைந்து போனது. பீச்சில் தெரிந்தது.

"இரவில எழும்பினா உந்தச் சுவிட்ச் எனக்குத் தெரியோணும், பிள்ளை."

பீச் அடித்தாச்சு. அடுத்த மாதம் ஒப்பரேஷன். அதுக்குப் பிறகு சுவர் அவவுக்கு வேற மாதிரித் தெரியலாம். பிடிக்காட்டித் திரும்ப அடிப்பம் எண்டு சொல்லி வைத்திருக்கிறேன். கார்ட் அலுமாரிக்கு மேலதான் கிடக்குது.